தாங்கும் கைகள்

மதுரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் விருதுநகரை நெருங்கும்போது நிலம் கறுக்கத் தொடங்கும். அதுவே கரிசல் நிலம். பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயும் வானத்தை நோக்கி விளையும் நிலம் அது. முன்னாளில் விருதுப்பட்டி என்று வழங்கி, 1923-ஆம் ஆண்டு முதல் விருதுநகர் என்று பெயர் பெற்ற அவ்வூர், வாணிகத்தாற் சிறந்தது. பெருந்தலைவர் காமராசரை ஈன்ற பெருமையும் உடையது. அங்கிருந்து தென்மேற்கே திருத்தங்கல் வழியாகச் சென்றால் சிவகாசியை அடையலாம். 1922-ஆம் ஆண்டில் அவ்வூரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று வந்தனர். அன்று ஊன்றிய வித்து, தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் மூன்று கிளைகளாக வளர்ந்து, சுற்றிலுமுள்ள எண்ணற்ற குடும்பங்களுக்கு நிழல் தருகின்றது. மழை குறைவு என்று உழவர் வருந்தும் அவ்வறட்சியே, ஈரம் ஆகாத அத்தொழில்களுக்கு ஏற்றதாயிற்று.

கரிசல் மண்ணுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. அது நீரைக் கண்டால் பருக்கும். வெயிலைக் கண்டால் சுருங்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் அம்மண், ஐப்பசி மழை பெய்தவுடன் வெடிப்புகளை மூடிக்கொண்டு புடைத்து எழும். உழவர்க்கு இவ்வியல்பு நன்மையே தரும். ஆனால், அதன்மீது இட்ட சாலைக்கு அஃது இடையூறாகும். கீழேயுள்ள மண் ஆண்டுதோறும் ஏறி இறங்குவதால், மேலேயுள்ள தார்ப் பரப்பு அலைபோல் நெளியும், ஓரம் பிளக்கும், பிளவில் நீர் புகுந்து குழியாகும். சிற்றூர்களுக்குப் பிரியும் கிளைச் சாலைகளில் நாள்தோறும் செல்வோர் இதனை நன்கு அறிவர். வண்டியில் அமர்ந்திருப்போரைக் காட்டிலும் மிகுதியாக இதனை அறிவன, வண்டியின் அடியில் முன் சக்கரங்களைப் பற்றி நிற்கும் இரண்டு இரும்புக் கைகளாகும்.

அக்கைகளின் வரலாறு இனியது. பழைய கட்டை வண்டியில் பாரம் முழுவதும் அச்சின்மீதே நின்றது. சாலையின் ஒவ்வொரு கல்லையும் வண்டியில் இருப்பவரின் எலும்பு எண்ணியது. பின்னர் இரும்புப் பட்டைகளை அடுக்கி, வில்போல் வளைத்து, அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே அமைத்தனர். வில்வண்டி என்னும் பெயர் அதனால் வந்தது. தொடக்க காலத்து மோட்டார் வண்டிகளும் அவ்வில்லையே மேற்கொண்டன. எனினும் இரண்டு சக்கரங்களையும் ஒரே அச்சு இணைத்தமையால், ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றதும் உடன் சாய்ந்தது. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்குமாறு செய்ய அறிஞர் பலர் முயன்றனர். அவருள் ஒருவர் அமெரிக்கப் பொறியாளராகிய ஏர்ல் மெக்பர்சன். 1891-இல் பிறந்து 1960-இல் மறைந்த அவர், மேலே சுருள்வில் சூழ்ந்த ஒரு தூணும் கீழே ஒரு கையும் இருந்தால் ஒரு சக்கரத்தைத் தாங்கப் போதும் என்று கண்டார். 1950-ஆம் ஆண்டையொட்டி ஃபோர்டு நிறுவனத்தின் கார்களில் அம்முறை இடம் பெற்றது. எளிமையும் குறைந்த இடமும் உடைய அம்முறை, உலகெங்கும் சிறு கார்களுக்கு உரியதாயிற்று. 1983 டிசம்பர் 14-ஆம் நாள் முதன்முதலாக மக்களிடம் ஒப்படைக்கப்பட்ட மாருதி 800 என்னும் கார் அம்முறையில் அமைந்ததே. 2014-ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது. ஆயினும், நன்கு பேணியவர் வீடுகளில் அவ்வண்டி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கீழே உள்ள கையைப் பட்டறையில் ‘லோயர் ஆர்ம்’ என்பர். அதன் ஒரு முனை, ரப்பரால் ஆகிய ‘புஷ்’ ஒன்றின் துணையால் வண்டியின் உடலோடு பிணைந்திருக்கும். மறுமுனையில் ‘பால் ஜாயின்ட்’ என்னும் மூட்டு உண்டு. மனிதனின் தோளில் எலும்பின் உருண்ட தலை ஒரு குழியிற் பொருந்திச் சுழல்வதுபோல், அம்மூட்டில் ஓர் இரும்பு உருண்டை தன் கிண்ணத்தில் அடங்கிச் சுழலும். சக்கரம் மேலும் கீழும் அசைவதும், இடமும் வலமும் திரும்புவதும் அவ்வுருண்டையைப் பற்றியே நிகழ்கின்றன. உள்ளே கிரீஸ் என்னும் மசகு இருக்கும். புழுதி புகாதவாறு மேலே ரப்பர் உறை மூடியிருக்கும். அவ்வுறை கிழிந்தால் கேடு தொடங்கும். மசகோடு கரிசற் புழுதி கலந்தால் அது சாணைக்கல்லின் வேலையைச் செய்யும். உருண்டை தேயும், கிண்ணம் அகலும். முற்றத் தேய்ந்தபின் ஒரு நாள் உருண்டை கிண்ணத்தைவிட்டுக் கழன்றுவிடும். ஓடும் வண்டியில் அது நேர்ந்தால், சக்கரம் குறுக்கே மடங்கும். ஓட்டுபவரின் கைக்கு வண்டி அடங்காது.

விருதுநகரில் ஒரு தெருவின் கடைக்கோடியில் வாழும் முதியவர் ஒருவர் இவற்றை நூலிற் படித்தவர் அல்லர், கையால் அறிந்தவர். இளமையில் மூன்றாண்டு சாத்தூரில் ஒரு லாரிப் பட்டறையில் எடுபிடியாக இருந்தார். பின்னர்ச் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றிற் சேர்ந்து, போர்மனாக உயர்ந்து, முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றார். அவருடைய மகள், வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறார். இரவுப் பணியும் உண்டு. ஆதலின், தந்தை பல்லாண்டு பேணிவந்த பழைய மாருதி 800 காரை அவரே ஓட்டிச் சென்று வருவார். பட்டாசு ஆலைகள் சூழ்ந்த அப்பகுதியில், நள்ளிரவில் அழைப்பு வந்தாலும் அவர் புறப்பட்டே ஆகவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசித் திங்களில், வெள்ளிக்கிழமை மாலை மகள் பணி முடித்துத் திரும்பினார். காரை வாயிலில் நிறுத்திவிட்டு, “அப்பா, வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடப்பக்கம் டக் டக்கென்று ஒலி கேட்கிறது. ஸ்டியரிங்கும் சிறிது இடப்பக்கம் இழுக்கிறது” என்றார்.

“எத்தனை நாளாகக் கேட்கிறது அம்மா?”

“ஒரு மாதம் இருக்கும். பெரிய ஒலி இல்லை, அதனால் சொல்லவில்லை.”

முதியவர் மறுமொழி கூறவில்லை. முகம் மட்டும் சிறிது மாறியது. விளக்கை எடுத்துச் சென்று முன் சக்கரங்களை நோக்கினார். டயரின் உள்விளிம்பு, வெளிவிளிம்பைக் காட்டிலும் மிகுதியாகத் தேய்ந்திருந்தது. ஜாக்கியால் வண்டியைச் சிறிது தூக்கி, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் இரு கைகளாற் பற்றி அசைத்தார். இடச் சக்கரம் ஆடும் பல்போல் அசைந்தது. வலச் சக்கரத்திலும் சிறிது ஆட்டம் இருந்தது. இடப்பக்கத்து ரப்பர் உறை கிழிந்து, மசகு கறுத்து, மண்ணோடு கலந்து காய்ந்திருந்தது.

அவர் உடனே பட்டறைக்குத் தொலைபேசியிற் பேசினார். தீபாவளி நெருங்கும் காலம். பட்டறையில் வேலை மிகுதி. “புதன்கிழமை கொண்டு வாருங்கள் ஐயா” என்ற விடையே கிடைத்தது. மகளுக்கோ திங்கட்கிழமை விடியலிற் பணி. “இரண்டு நாள்தானே அப்பா, மெல்ல ஓட்டிப் போகிறேன்” என்றார் மகள். முதியவர், “ஒரு மாதம் பொறுத்தது இன்னும் இரண்டு நாள் பொறுக்கும் என்பது உறுதியானால் நானும் ஒப்புவேன். அந்த உறுதியைத் தருபவர் யார்?” என்றார். மறுநாள் காலை அவர் உதிரிப் பொருள் விற்கும் கடைக்குச் சென்று, இரண்டு புதிய கைகளை வாங்கி வந்தார். இடப்பக்கத்துக்கு ஒன்று போதுமே என்று பேரன் வினவினான். “இரண்டு கைகளும் ஒரே சாலையில் ஒரே தொலைவு உழைத்தவை. ஒன்று களைத்தால் மற்றதும் களைத்ததென்றே கொள்ளவேண்டும்” என்று தாத்தா விடை கூறினார். அம்மூட்டைத் தனியே மாற்ற இயலாது. கையோடு சேர்த்தே மாற்றுதல் வேண்டும் என்பதையும் காட்டினார்.

பேரன் பத்தாம் வகுப்பு மாணவன், சுறுசுறுப்பு உடையவன், எதையும் விரைந்து முடிக்க விழைபவன். ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டின் முற்றத்தில் வேலை தொடங்கியது. முதல் நாள் இரவே முதியவர் துருப்பிடித்த போல்ட்டுகளின்மீது மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தார். பின் சக்கரங்கள் உருளாதவாறு முன்னும் பின்னும் கற்களை அண்டக் கொடுத்தார். கைப்பிரேக்கை இழுத்துவிட்டார். சக்கர நட்டுகளை, வண்டி தரையில் நிற்கும்போதே சிறிது தளர்த்தினார். தூக்கியபின் முயன்றால் சக்கரம் சுழலுமேயன்றி நட்டு தளராது. இரு கைகளையும் ஒரு கம்பி இணைத்து நிற்பதனால், ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் அக்கம்பி முறுக்கேறி இடர் தரும். ஆதலின், இரு பக்கத்தையும் தூக்கி, பழைய தண்டவாளக் கட்டைகளின்மீது வண்டியை அமர்த்த எண்ணினார்.

இடப்பக்கம் இடரின்றி உயர்ந்து கட்டையின்மீது அமர்ந்தது. அப்பக்கம் முற்றத்தில் கல் பாவிய இடம். வலப்பக்கமோ வெறும் மண். வியாழக்கிழமை பெய்த மழைக்குப் பின் இரண்டு நாள் வெயில் காய்ந்திருந்தது. மேற்பரப்பு பாறைபோல் இறுகித் தோன்றியது. முதியவர் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்த்தார், மண் இளகவில்லை. ஜாக்கியை அங்கேயே வைத்து உயர்த்தினார். வலச் சக்கரத்தைக் கழற்றிக் கீழே வைத்தார்கள். அப்பொழுது பேரன் கையிலிருந்த நட்டு ஒன்று நழுவி வண்டியின் அடியில் உருண்டு சென்றது.

“நான் எடுக்கிறேன்” என்று கூறிக்கொண்டே அவன் குப்புறப் படுத்து, தலையையும் தோளையும் வண்டியின் அடியிற் செலுத்தினான்.

முதியவர் அவன் காலைப் பற்றிப் பின்னுக்கு இழுத்தார். பேரன் திடுக்கிட்டான், முழங்கை சிராய்ந்தது, சினமும் வந்தது. “ஒரு நொடியில் எடுத்திருப்பேனே தாத்தா!” என்றான்.

“முதலில் தாங்கு, பிறகே கை. ஜாக்கி என்பது தூக்குவதற்கு; தாங்குவதற்கு அன்று” என்று கூறிய முதியவர், கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து, வண்டியின் விளிம்புக்குக் கீழே தள்ளினார். பின்னர், “அந்தக் கட்டையைக் கொண்டு வா, தம்பி” என்றார்.

பேரன் முணுமுணுத்துக்கொண்டே கட்டையைத் தூக்கத் திரும்பினான். அவன் இரண்டு அடி வைப்பதற்குள், பின்னாலிருந்து ஒரு முனகல் ஒலி எழுந்தது. உலர்ந்த மேற்பொறை உடைந்து, ஜாக்கியின் அடித்தட்டு உள்ளேயிருந்த ஈர மண்ணில் ஒருபுறமாக அமிழ்ந்தது. ஜாக்கி சாய்ந்தது. வண்டியின் முன்புறம் சரிந்து, கீழே கிடந்த சக்கரத்தின்மீது ‘தொம்’ என்று விழுந்து நின்றது. வண்டிக்கும் தரைக்கும் இடையே எஞ்சியது ஒரு சாணுக்கும் குறைந்த இடைவெளி. சற்றுமுன் பேரனின் தலை இருந்த இடம் அதுவே.

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. வேப்பமரத்துக் காக்கை மட்டும் கரைந்து பறந்தது. பேரன் சிராய்ந்த முழங்கையைத் தடவிக்கொண்டு, அவ்விடைவெளியையே நோக்கி நின்றான். ஓசை கேட்டு மகள் வாயிற்படிக்கு ஓடி வந்தார். மகனையும் தந்தையையும் மாறி மாறி நோக்கினார். இருவர்க்கும் ஊறில்லை என்று கண்டபின்னரே அவர் மூச்சுவிட்டார்.

பேரன் தன்னைத் தாத்தா கடிந்துகொள்வார் என்று எதிர்நோக்கினான். முதியவர் படியில் அமர்ந்து, கைகள் நடுங்குவது நிற்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு, “இன்று பிழை செய்தவர் இருவர், தம்பி. நீ அடியிற் புகுந்தாய். அது சிறுவனின் பிழை. நான் மேலே காய்ந்ததைக் கண்டு உள்ளேயும் காய்ந்திருக்கும் என்று நம்பினேன். எழுபது ஆண்டு கரிசலில் நடந்தவன் செய்யத்தகாத பிழை அது. பலகை ஒன்றை ஜாக்கியின் அடியில் இட்டிருக்கவேண்டும், இடவில்லை. சக்கரத்தைத் தள்ளிவைக்கும் பழக்கம் ஒன்றே இன்று நம்மைக் காத்தது” என்றார்.

“அப்படிப் பழகியது பட்டறையிலா தாத்தா?” என்று பேரன் மெல்லக் கேட்டான்.

“தொடங்கியது பட்டறையில், உறுதிப்பட்டது பட்டாசு ஆலையில்” என்று கூறிய முதியவர், தம் பணிக்காலத்தைச் சுருக்கமாக எடுத்துரைத்தார்.

பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கும் அறைகள் ஒன்றையொன்று விலகித் தனித்தனியே நிற்கும். ஓர் அறையில் நால்வருக்கு மேற்படலாகாது. இரும்புக் கருவி ஆகாது. மரமும் பித்தளையும் செம்புமே ஆகும். இரும்பு கல்லில் உரசினால் பொறி எழும். அப்பொறி ஒன்றே போதும். மனித உடலில் சேரும் நிலைமின்சாரமும் பொறியை எழுப்ப வல்லது. ஆதலின், தொழிலாளர் பருத்தி ஆடை உடுத்தி, அறை வாயிலில் உள்ள செப்புத் தகட்டைத் தொட்டபின்னரே உள்ளே புகவேண்டும். தகட்டிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குச் செல்லும். உடலிற் சேர்ந்த மின்சாரம் அவ்வழியே இறங்கிவிடும். ஒரு நாட்காலையில் போர்மனாகிய அவர், ஓர் அறையின் வாயிலில் அக்கம்பி தகட்டைவிட்டு விலகியிருக்கக் கண்டார். பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. கம்பியைப் பற்றவைக்க ஆள் வரும்வரை அவ்வறையின் வேலையை நிறுத்தினார். ஆள் வர நண்பகல் ஆயிற்று. எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறும் தொழிலாளர் நால்வர்க்கும் அரைநாட் கூலி போயிற்று. “நேற்றும் அந்தக் கம்பி அப்படித்தானே கிடந்திருக்கும், அண்ணாச்சி? நேற்று என்ன ஆகிவிட்டது?” என்று ஒரு பெண் கண்ணீரோடு வினவினார். அவ்வாரம் தம் சம்பளத்திலிருந்து அந்நால்வர்க்கும் அரைநாட் கூலியை அவர் கொடுத்தார். எனினும் கதவைத் திறக்கவில்லை.

“அன்று வேலையை நிறுத்தாமல் இருந்தாலும் ஒன்றும் நேராமற் போயிருக்கலாம். அதனை அறிய வழி இல்லை. நேராத விபத்தை எவரும் காண்பதில்லை. அதற்காக எவரும் புகழ்வதும் இல்லை. நேர்ந்த விபத்தைத்தான் உலகம் அறியும்” என்று முதியவர் முடித்தார். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள், சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதனை அப்பகுதியில் அறியாதார் இலர். அப்பெயரை அவர் எடுத்துரைக்கவில்லை. உரைக்கவேண்டிய தேவையும் இல்லை. வாயிற்படியில் நின்ற மகள் மட்டும் கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

மீண்டும் வேலை தொடங்கியபோது பேரனின் நடையே மாறியிருந்தது. அகன்ற பனம்பலகை ஒன்றைக் கொணர்ந்து, மண்ணின்மீது இட்டு, அதன்மேல் ஜாக்கியை வைத்தான். வண்டி உயர்ந்தவுடன் கட்டையைக் கொடுத்தான். கட்டையின்மீது பாரம் அமர்ந்தபின், இருவரும் வண்டியைத் தோளால் தள்ளிப் பார்த்தார்கள், அது அசையவில்லை. கழற்றிய இரு சக்கரங்களையும் இரு விளிம்புகளின் கீழே தள்ளிவைத்த பின்னரே நீண்ட கம்பியால் அந்த நட்டை வெளியே இழுத்து எடுத்தான்.

பழைய கைகளைக் கழற்றுவது எளிதன்று. குறுக்குக் கம்பியின் முனையில் பல் வெட்டிய நட்டு ஒன்று இருந்தது. அதன் பற்களுக்கு இடையே ஒரு சிறு ஊசியைச் செலுத்தி, அதன் இரு கால்களையும் விரித்து வளைத்திருந்தனர். அவ்வூசி இருக்கும்வரை நட்டு சுழல இயலாது. “இதுதான் அச்சாணி, தம்பி. பெருந்தேருக்கும் சிறிய அச்சாணியே துணை என்பதைத் திருவள்ளுவர் வினைத்திட்பம் கூறுமிடத்துக் காட்டினார். பள்ளியிற் படித்திருப்பாய், இப்பொழுது கையிற் பிடித்துப் பார்” என்று முதியவர் அதனைப் பேரனின் உள்ளங்கையில் வைத்தார். அதன் எடை ஒரு புளியங்கொட்டையின் எடைகூட இராது. ஒருமுறை வளைத்த ஊசியை மறுபடியும் வளைத்தால் முறியும். ஆதலின் புதிய ஊசியையே இடவேண்டும் என்றார்.

அதன்பின் உள்முனைப் போல்ட்டையும், மூட்டின் தண்டைக் கவ்விநிற்கும் போல்ட்டையும் கழற்றினார்கள். கவ்வும் இடத்தின் பிளவில் உளியின் முனையைச் சிறிதே செலுத்தி அகற்றி, நெம்புகோலால் கையைக் கீழே அழுத்தினார்கள். துரு உதிர்ந்தது, கை வெளிவந்தது. பழைய மூட்டின் தண்டை விரலால் தொட்டபோது, அது தளர்ந்து தலை சாய்ந்தது. புதிய மூட்டின் தண்டோ, இரு விரலால் அழுத்தியும் மெல்லவே அசைந்தது. ஒரு மாதமாகக் கேட்ட ‘டக் டக்’ என்னும் ஒலியின் பொருள் பேரனுக்கு அப்பொழுது விளங்கிற்று. “அது ஒலியன்று தாத்தா, வண்டி நம்மிடம் சொன்ன சொல்” என்றான் அவன்.

புதிய மூட்டின் தண்டில் ஒரு பள்ளம் உண்டு. கவ்வும் போல்ட்டு அப்பள்ளத்தின் வழியே செல்லுமாறு பொருத்தினால்தான் தண்டு கழலாது. இருவரும் பொறுமையோடு அதனைப் பொருத்தினார்கள். பேரன் உள்முனைப் போல்ட்டையும் இறுக்க முற்பட்டான். “அதைச் சிறிது தளர்வாகவே விட்டுவிடு. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் அமர்ந்தவுடன் புஷ்ஷில் உள்ள ரப்பர் பிழிந்த துணிபோல் முறுக்கிக்கொண்டே கிடக்கும், விரைவிற் கிழியும். பாரத்தைத் தாங்கும் நிலையில் இறுக்கினால், அந்நிலை அதற்கு இயல்பாகும்” என்று முதியவர் தடுத்தார். சக்கரங்களை மாட்டி, அவற்றின் அடியில் அகன்ற கட்டைகளை இட்டு, வண்டியை அவற்றின்மீது இறக்கினார்கள். வண்டி தன் பாரத்தோடு நின்றபின், போல்ட்டுகளை உரிய அளவுக்கு இறுக்கினார்கள். புதிய ஊசிகளை இட்டு, கால்களை விரித்து வளைத்தார்கள். பேரன் ஒவ்வொரு நட்டையும் வாய்விட்டு எண்ணி, ஒவ்வொன்றின்மீதும் சுண்ணாம்பால் ஒரு கோடு இட்டான். அக்கோடு பிறழ்ந்தால் நட்டு தளர்ந்தது என்று அறியலாம். அதுவும் தாத்தா கற்பித்ததே.

பொழுது சாய்ந்தது. முதியவர் காரைத் தெருவில் மெல்ல ஓட்டிப் பார்த்தார். வேகத்தடையில் ஏறி இறங்கியபோது ஒலி எழவில்லை. எனினும் அவர் மன நிறைவோடு நின்றுவிடவில்லை. கைகளை மாற்றியபின் சக்கரங்களின் கோணம் சிறிது மாறியிருத்தல் கூடும். அதனை அளக்கும் கருவி வீட்டில் இல்லை. “எது நம் கையால் ஆகும் என்று அறிவது எவ்வளவு வேண்டியதோ, எது ஆகாது என்று அறிவதும் அவ்வளவு வேண்டியதே” என்று கூறி, அன்று மாலையே சக்கரங்களை நேர்செய்யும் நிலையத்துக்கு ஓட்டிச் சென்றார். அங்கே கோணத்தைச் சரிசெய்து முடிக்க இரவாகிவிட்டது.

திங்கட்கிழமை விடியற்காலையில் மகள் புறப்பட்டார். பேரன் அதற்கு முன்னரே எழுந்து, விளக்கோடு குனிந்து, சுண்ணாம்புக் கோடுகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். ஒன்றும் பிறழவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை தாத்தாவும் பேரனும் வாயிலில் நின்று காது கொடுத்தார்கள். என்ஜினின் ஒலியைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அந்த அமைதியைக் கேட்பதற்காகவே அவர்கள் ஒரு நாள் முழுவதும் உழைத்திருந்தார்கள்.

கழற்றிய பழைய கைகளுள் ஒன்று, பேரன் படிக்கும் மேசையின்மீது பல நாள் இருந்தது. வண்டியின் பளபளப்பைப் பலரும் காண்பர். அதன் அடியிலுள்ள கைகளைக் காண்பார் இலர். வாணத்தின் ஒளியைக் கண்டு ஊரே மகிழும். அதனை அடைத்த கைகளை நினைப்போர் சிலரே. வீட்டையும் தொழிலையும் நாட்டையும் தாங்குவன இத்தகைய மறைந்த கைகளே. அவை தேய்வதற்கு முன் ஒரு சிறு ஒலியால் அறிவிக்கும். அவ்வொலி கேட்ட அன்றே செவி சாய்ப்பவர், தம்மையும் காப்பர். தம்மை நம்பி உடன் வருவோரையும் காப்பர்.